நதீராவின் பேரில் இரண்டு வீடுகள்

கல்முனைக் கடைத்தெருவில் சீமெந்து, சுண்ணாம்பு, ஆணி விற்பவன் நான். சவூதிக் காசு ஊருக்குள் வரத் தொடங்கியதிலிருந்து என் கடையில் சாமான் வாங்குகிறவர்களைவிட யோசனை கேட்கிறவர்கள்தான் அதிகம். ஜித்தாவிலிருந்து லீவில் வருகிறவன் களைப்புத் தீருமுன்னே என் கடை வாங்குப் பலகையில் வந்து குந்திவிடுவான். வயல் வாங்குவதா, வீடு கட்டி வாடகைக்குக் கொடுப்பதா? எத்தனை அறை வைத்தால் நல்லது? உத்தியோகத்தருக்குக் கொடுப்பதா, வியாபாரிக்குக் கொடுப்பதா? நானும் பொறுமையாகத் தெரிந்ததைச் சொல்வேன். ரோட்டுக்குக் கிட்ட இருக்கட்டும், கிணறு தனியாக இருக்கட்டும், எழுத்தில்லாமல் ஒருவனையும் உள்ளே விடாதே என்பேன். கடைசியாக ஒன்று கேட்பார்கள் பாருங்கள், அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“காக்கா, உங்கட மருமகள் நதீராவைப்போல ரெண்டு வீட்டை வாடகைக்கு உட்டுட்டு ராசாத்தி மாதிரி இரிக்கலாந்தானே?”

அந்த நேரம் வாங்கின் அந்தக் கோடியில் நதீராவின் வாப்பா மீராசா இருந்தால், மெல்ல எழும்பி, சாறனை உதறிக்கொண்டு, பள்ளிப் பக்கம் நடந்துவிடுவார். தொழுகைக்கு நேரம் கிடக்கும். ஆனாலும் போய்விடுவார். கேட்டவனுக்கு ஒன்றும் விளங்காது.

ராசாத்தியாம்! இவர்களுக்கு வாடகை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த வீடுகள் எப்படி வாடகை வீடுகள் ஆயின என்று ஒருவனும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன்.

மீராசா என் கூடப்பிறந்த ராத்தா பாத்தும்மாவின் புருசன். எனக்கு மச்சான். மேசன் வேலை. கல்முனைக்குடியில் அவர் கைபடாத சுவரைத் தேடினால்தான் உண்டு. ஆள் அதிகம் கதைக்கமாட்டார். பூசி முடித்த சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பார், பிறகு சாந்தகப்பையைக் கழுவுவார், அவ்வளவுதான். கூலியைக்கூட வாய்விட்டுக் கேட்கமாட்டார், கொடுக்கிறவன் கொடுக்கும்வரை அங்கேயே நிற்பார். இந்தக் குணத்துக்காக நான் அவரோடு எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் வாப்பாவுக்கு முதலில் நினைவு வருவது வீடு. கலியாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவான். வீடு பெண்ணின் பேரில் உறுதிப் பத்திரம் எழுதியிருக்க வேண்டும். வீடில்லாத குமர்ப் பெண்ணுக்குக் கலியாணப் பேச்சே வராது. பெண் நல்லவளா, ஓதினவளா என்பதெல்லாம் பிறகுதான்.

மச்சானுக்கு இரண்டு பெண்கள். இருந்த வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, ராத்தாவும் அவரும் இளையவள் நதீராவும் அதே வளவில் பின்னாலிருந்த குசினிக்குள், சமையல் கொட்டிலுக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள். அப்போது நதீராவுக்குப் பத்து வயதிருக்கும். அன்றிலிருந்து மச்சான் வெள்ளிக்கிழமைகளில் கூலிக்குப் போவதை நிறுத்தினார். ஜும்ஆ முடிந்ததும் பள்ளி ரோட்டில் வாங்கிப்போட்டிருந்த துண்டு வளவுக்குப் போய், நதீராவுக்கு வீடு கட்டினார். ஒரு வெள்ளிக்கு இரண்டு வரிசைக் கல். சில வெள்ளிக்கு அதுவும் இல்லை. எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்தபோது சுவர்கள் எழும்பியிருந்தன, கூரை போட்டிருக்கவில்லை. கூரை இல்லாததால் பிடுங்கிப்போக ஒன்றுமில்லாமல் அந்தச் சுவர்கள் தப்பின. ஊரில் பாதி வீடுகள் தரையோடு தரையாகக் கிடக்க, மச்சானின் மொட்டைச் சுவர் மட்டும் நின்றதைப் பார்த்து ராத்தா இது பிள்ளையின் நசீபு, அவளுக்கென்று எழுதி வைத்தது என்று அழுதாள்.

அடுத்த வருசம் ஓடு போட்டு, கதவு யன்னல் மாட்டி, வீடு முடிந்தது. நதீராவின் பேரில் உறுதியும் எழுதியாயிற்று. மாப்பிள்ளை கால் வைக்குமுன் புது வீட்டில் நாங்கள் இருந்து கரிபிடிக்க வைப்பதா என்று ராத்தா குசினியை விட்டு அசையவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது. இங்கே அது வழக்கந்தான். குமருக்குக் கட்டி, கலியாணம்வரை பூட்டி வைத்திருக்கும் வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் கிடக்கும்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் ஸைனுலாப்தீன் ஹாஜியார். கொழும்பில் புடைவைக்கடை, மருதானையில் இரண்டு மூன்று வாடகை வீடு. ஊருக்கு வந்தால் எல்லாருக்கும் புத்தி சொல்லாமல் போகமாட்டார். மச்சானைப் பிடித்துக்கொண்டார். சும்மா பூட்டிக் கிடக்கிற வீடு செத்த காசு என்றார். பெண்ணுக்குச் சம்பந்தம் வர இன்னும் நாலைந்து வருசம் போகும், அதுவரைக்கும் ஒரு நல்ல உத்தியோகத்தருக்குக் கொடுத்தால் வருகிற வாடகையில் பெண்ணின் நகையைச் செய்துவிடலாம் என்றார். கொழும்பில் அது சரிவரும். கொழும்பில் ஒருவனும் மகளுக்குக் கொடுக்க வைத்திருக்கிற வீட்டை வாடகைக்கு விடுவதில்லை, விடுவதற்கென்று கட்டினதைத்தான் விடுவான். இந்த வித்தியாசம் ஹாஜியாருக்கு உறைக்கவில்லை. மச்சானுக்குச் சொல்லத் தெரியவில்லை.

குடிவந்தவர் பக்கீர் முகைதீன். கந்தோரில் கிளாக்கர். மனைவிக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டைச் சூறாவளி கொண்டுபோயிருந்தது. மனைவியும் மகள் கைருன்னிஸாவுமாகச் சொந்தக்காரரின் மால் கொட்டிலில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மனுசி ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ராத்தா இளகிவிட்டாள். நதீராவின் கலியாணம் பேசின அன்றைக்கே எழும்பிவிடுவோம் என்று பக்கீர் முகைதீன் சொன்னார். எழுத்து ஒன்றும் இல்லை. ஒரு முஸ்லிமான மனுசன் வாயால் சொல்லும்போது எழுத்து எதற்கு என்று மச்சான் என்னையே திருப்பிக் கேட்டார்.

குறை சொல்லக் கூடாது. வாடகை மாதம் பிறந்ததும் வந்துவிடும். வளவைக் கூட்டிப் பெருக்கி வைத்திருப்பார்கள். கைருன்னிஸாவும் நதீராவும் ஒத்த வயது. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் தையல் பழகப் போவார்கள்.

இரண்டு வருசம் போனபின் ஒருநாள் பக்கீர் முகைதீன் மச்சானைத் தேடி என் கடைக்கு வந்தார். கைருன்னிஸாவுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது, மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை, நிக்காஹ் முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான், கலியாணத்துக்கு வீட்டுக்கு ஒரு வெள்ளை அடித்துத் தந்தால் பெரிய உதவி என்றார்.

வேறு ஊர்க்காரன் என்றால் யோசித்திருப்பான். மச்சான் யோசிக்கவில்லை. குமர்க் காரியம் என்று ஒருவன் கேட்டு வந்தால் இல்லை என்று சொல்லத் தெரியாத ஊர் இது. அதுவும் அவருடைய வீட்டிலேயே ஒரு குமர் இருக்கும்போது எப்படி மறுப்பார்? என் கடையிலிருந்து சுண்ணாம்பு எடுத்துப்போய், கூலி வாங்காமல், தன் கையால் உள்ளும் வெளியும் அடித்துக் கொடுத்தார். வெள்ளை பளிச்சென்று தெரிய நீலத்தைக் கரைத்துக் கொடுத்தது நதீராதான். கலியாணத்துக்கு நாங்கள் எல்லாரும் போய் ஒரே சஹன் தட்டில் கைவைத்துத் தின்றுவிட்டு வந்தோம்.

கொழும்பு வேலை என்ன ஆனதோ தெரியாது. மாப்பிள்ளை போகவில்லை. ஒரு மாதம் போனது, ஒரு நோன்பு போனது, அவன் அந்த வீட்டு வாசலிலேயே கதிரை போட்டுக்கொண்டு இருந்தான். ஊருக்குள் அந்த வீட்டின் பேரே மாறிவிட்டது. மீராசா மேசனின் வீடு என்று சொன்ன வாய்களெல்லாம் கைருன்னிஸாவின் வீடு என்று சொல்லத் தொடங்கின. மாப்பிள்ளை குடியேறின வீடு பெண்ணின் வீடு. இதுதான் எங்களுக்குப் பிறந்த நாளிலிருந்து தெரிந்த கணக்கு. உறுதி யார் பேரில் கிடக்கிறது என்று எவன் பார்க்கிறான்?

எண்பத்து மூன்றில் நதீராவுக்கு மசூரைப் பேசி வந்தார்கள். அட்டாளைச்சேனையில் பயிற்சி முடித்த வாத்தி, நல்ல பையன். நதீராவுக்கும் விருப்பம் என்று முகத்திலேயே தெரிந்தது. வீட்டைக் காட்டுங்கள் என்றார்கள். காட்டினோம். கைருன்னிஸா வயிறும் பிள்ளையுமாக வந்து எங்களுக்குச் சர்பத் கொடுத்தாள். மசூரின் உம்மா கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே, இதில்தான் ஒரு மாப்பிள்ளை இருக்கிறாரே என்று கேட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளக்காதா என்றிருந்தது.

மச்சான் போய்ப் பக்கீர் முகைதீனிடம் கேட்டார். மனுசன் சண்டை பிடிக்கவில்லை. மரியாதையாகக் கதிரை போட்டுக் கொடுத்து, எங்கே போவது காக்கா, மருமகனைத் தெருவில் இறக்கினால் என் மகளின் வாழ்க்கை போய்விடும் என்றார். அக்கரைப்பற்றுப் பக்கம் வயல் வாங்க மட்டும் அவருக்கு வழி இருந்தது! நான் அதைக் கேட்டுவிட்டேன். வயல் சோறு போடும், வீடு போடுமா என்றார்.

பிறகு யோசனைகள் வந்தன. கேட்காத யோசனைகள்தான் அதிகம். ஹாஜியார் கொழும்பிலிருந்து வந்து, சாவிக்காசு என்று ஒரு தொகை கொடுத்து எழுப்பு என்றார், கொழும்பில் அப்படித்தானாம். வாடகையை வாங்காதே என்றான் ஒருவன். கிணற்றுக் கயிற்றை எடுத்துவிடு என்றான் இன்னொருவன். பள்ளிக் காரியம் பார்க்கிற மரைக்கார்மாரிடம் போனோம். அவர்கள் தாடியைத் தடவிக்கொண்டு, நியாயம் மீராசாவின் பக்கந்தான், ஆனால் குடியேறின மாப்பிள்ளையைப் பள்ளி கிளப்பியது என்று பேர் வரக்கூடாது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பொறுப்பதற்கு அவர்கள் வீட்டில் குமர் இல்லை.

கடைசியாக நான் அவரை இழுத்துக்கொண்டு வழக்குப் பேசுகிற பிறக்கிராசி கனகசபாபதியிடம் போனேன். நிதானமான மனுசன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாடகை ஒழுங்காகக் கட்டுகிறவனைச் சட்டம் இலேசில் எழுப்பாது, ஆனால் சொந்தக்காரருக்கே வீடு அவசியம் என்று காட்டினால் ஒரு வழி இருக்கிறது என்றார். யார் சொந்தக்காரர்? உறுதி நதீராவின் பேரில். ஆகவே வழக்காளி நதீரா. அவள் கோட்டுக்கு வந்து, சாட்சிக் கூட்டில் ஏறி, எனக்குக் கலியாணம் முடிக்க இந்த வீடு தேவை என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

மச்சான் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“குமருப்புள்ளையை நான் கோட்டுப்படி ஏத்தமாட்டன், ஐயா. அந்த வீடு இல்லாமப் போனாலும் காரியமில்ல.”

வழி நெடுக நான் கத்திக்கொண்டு வந்தேன். மானம் மானம் என்று பிள்ளையின் வாழ்க்கையைப் புதைக்கிறீர்களே என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. நூறு பேர் பார்க்க, எனக்கு மாப்பிள்ளை வேண்டும் என்று அவருடைய மகள் சொல்வதா? எங்களூரில் எந்த வாப்பாவைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பான். அதுதான் எனக்குக் கூடுதலான ஆத்திரம்.

மசூரின் ஆட்கள் ஒரு வருசம் பொறுத்தார்கள். அதற்கு மேல் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மருதமுனையில் வீடும் வளவுமாக ஒரு இடம் வந்தது, முடித்துக்கொண்டார்கள். நதீரா அன்றைக்குத் தையல் மெசினை மிதித்தபடியே இருந்தாள், சோற்றுக்கும் எழும்பவில்லை என்று ராத்தா என்னிடம் வந்து சொல்லி விக்கி விக்கி அழுதாள்.

அந்த மாரிக்குத்தான் நான் மச்சானுக்கு என் யோசனையைச் சொன்னேன். அது பிழை என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டேன். நீங்கள் மேசன், அது உங்கள் மகளின் வீடு, கூரை திருத்தப் போகிறேன் என்று ஏறி ஓட்டைக் கழற்றுங்கள், இரண்டு மழைக்கு யார் இருப்பான் பார்ப்போம் என்றேன். அவர் அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்து தானாகவே ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் கீழே ஏணியைப் பிடித்தேன். அவர் ஏறினார். நடு அறைக்கு மேலே நாலைந்து ஓட்டைக் கழற்றி ஓரமாக அடுக்கினார். அடுத்ததில் கையை வைத்தபோது உள்ளேயிருந்து கைருன்னிஸாவின் குரல் கேட்டது.

“ஒழுகுறத்தைப் பாக்க வந்தீங்களா மாமா? கொஞ்சம் பொறுங்க, ஏணைக்குள்ள புள்ளை கிடக்கு. தூசி விழுந்திரும், எடுத்திர்றன்.”

மச்சான் அப்படியே குந்தியிருந்தார். நான் கீழேயிருந்து, ம், கழற்றுங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஓட்டுச் சத்தம் கேட்டது. கழற்றுகிற சத்தமல்ல. கழற்றினதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். உடைந்து கிடந்த ஒன்றை மாற்றியும் விட்டார். இறங்கி வந்து என் முகத்தைப் பார்க்காமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் என் வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிக்கொண்டே பின்னால் போனேன்.

குசினிக்குப் போனபோது மழை பிடித்துவிட்டது. நதீரா வாசலில் நின்றாள். ஏணி போனதையும் வந்ததையும் பார்த்திருக்கிறாள்.

“கழட்டினீங்களா வாப்பா?”

“இல்ல மகள். உள்ளுக்குப் புள்ளை கிடக்கு.”

அவள் ஓமென்று தலையாட்டினாள். உள்ளே போகத் திரும்பினவள் நின்றாள்.

“அவட புள்ளை நனையக் கூடாது. ஓம், அது சரிதான். நான் உங்கட புள்ளை இல்லையா வாப்பா?”

மச்சான் ஈர ஏணியோடு முற்றத்திலேயே நின்றார். நான் சண்டை பிடிக்காமல் குடையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.

எண்பத்தைந்து பிறந்தபோது ஊர் குழம்பிக் கிடந்தது. ஊரடங்குச் சட்டம், மூடின கடைகள், ரோட்டில் அதிரடிப்படை. அந்தக் குழப்பத்துக்குள் நதீரா யாரையும் கேட்காமல் கடவுச்சீட்டு எடுத்திருந்தாள். குவைத்தில் வீட்டு வேலை. ஏஜென்சிக்காரன் பயண நாளைச் சொல்லிவிட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரியும். ராத்தா தலையில் அடித்துக்கொண்டாள். மச்சான் முதல் தடவையாகச் சத்தம் போட்டார், குமர் தனியே கடல் தாண்டிப் போவதா என்று. நதீரா பெட்டிக்குள் உடுப்பை மடித்து வைத்தபடியே பதில் சொன்னாள்.

“கல்முனைக் கோட்டுக்குப் போனா மானம் போகும் எண்டீங்க. குவைத்தில என்னை ஆருக்கும் தெரியா, வாப்பா.”

போனாள். காசு ஒழுங்காக வந்தது. எதற்கென்று அவள் சொல்லி அனுப்பவில்லை, ஆனால் மச்சானுக்கு வேறு எதற்கென்று தோன்றும்? கடற்கரை ரோட்டில் ஒரு துண்டு வளவு வாங்கினார். வயது போன காலத்தில் மறுபடியும் அத்திவாரம் வெட்டினார். இந்த முறை வெள்ளி மட்டுமல்ல, கூலி வேலையை விட்டுவிட்டு எல்லா நாளும் அங்கேதான். மணமக்களுக்கு என்று ஒரு அறையைக் கடல்காற்று வரும்படி வைத்தார். அதற்குள் கூட்டிப்போய் என்னை நிறுத்தி, காத்து வருதா மச்சான், காத்து வருதா என்று எத்தனை தரம் கேட்டிருப்பார்! வெள்ளையை மட்டும் அடிக்கவில்லை. பிள்ளை வந்து மாப்பிள்ளை பேசின பிறகு, கலியாணத்துக்கென்று அடிப்பதாம். யாராவது வாடகைக்குக் கேட்டு வந்தால் வாசலில் வைத்தே திருப்பி அனுப்புவார்.

நாலு வருசம் கழித்து நதீரா வந்தாள். கை இரண்டும் தரை கழுவுகிற மருந்துத் தண்ணீர் பட்டுத் தோலுரிந்து கிடந்தது. சிரித்தாள், எல்லாருக்கும் சேலையும் சவர்க்காரமும் கொண்டுவந்திருந்தாள். வந்த அடுத்த கிழமையே தரகர் வந்தார். மாப்பிள்ளை நிந்தவூர். வீடு போதும் என்று அவர்கள் சொல்லவில்லை. வீட்டோடு கைக்கூலிக் காசும் ஒரு மோட்டார் சைக்கிளும் கேட்டார்கள். பெண்ணுக்கு வயது கூடிவிட்டதாம், அதற்காம். மச்சான் அதற்கும் சம்மதித்துவிட்டார். இரண்டு மூடைச் சுண்ணாம்பு கொண்டுவரச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார்.

நான் வண்டிலில் சுண்ணாம்போடு போய் இறங்கியபோது வாப்பாவும் மகளும் காற்று வருகிற அந்த அறைக்குள் நின்றார்கள். நதீரா சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே அவருடைய கை.

“நல்லாக் கட்டியிரிக்கீங்க வாப்பா. வாடகைக்குக் குடுங்க.”

அவருக்கு விளங்கவில்லை. கலியாணம் என்று என்னவோ சொல்லத் தொடங்கினார்.

“நாலு வருசம் மத்தவட வீட்டைத் துடைச்சுக் கட்டின வீடு இது. ஒராள் வந்து சும்மா இரிக்கிறத்துக்கு நான் குடுக்கமாட்டன். வாடகைக்காரன் மாசாமாசம் காசாவது தருவான். அந்தப் பழைய வீட்டிலயும் கைருன்னிஸா இரிக்கட்டும், எனக்கு வழக்கும் வாணாம். நான் உங்களோட குசினிக்குள்ளேயே இரிந்துக்கிறன்.”

குரலை உயர்த்தவில்லை, அழவுமில்லை. மச்சான் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. உலகத்துக்கே யோசனை சொல்கிற நான் சுண்ணாம்பு மூடைகளை இறக்கி அறை மூலையில் வைத்தேன். அவள் சொன்னதில் பிழை எங்கே இருக்கிறது?

கிழமைக்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு குடும்பம், இரண்டு பெண் பிள்ளைகள். இந்தமுறை கனகசபாபதி ஐயாவிடம் போய் எல்லாம் எழுத்தில்தான். நதீரா தானே போய்க் கையெழுத்து வைத்தாள், யாரும் அவளைத் தடுக்கவில்லை.

குடிவருவதற்கு முதல்நாள் மச்சான் என் கடைக்கு வந்தார். சுண்ணாம்பு மூடை இரண்டும் அந்த அறைக்குள் பிரிக்காமலே கிடக்கிறதாம். சாய்ந்தமருதில் வெள்ளை அடிக்கிற ஒரு ஆளைப் பிடித்துத் தா, கூலியை நான் கொடுக்கிறேன் என்றார். உங்கள் கைக்கு என்ன என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஆளை அனுப்பினேன்.

அவன் வெள்ளை அடித்து முடிக்கும்வரை மீராசா மேசன் ரோட்டில்தான் நின்றார். உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கவில்லை.